சென்னை, கோவை அணிகளுக்கு இரண்டு இரவுச் சந்திப்பு: தனியார் எஸ்டேட் எடுக்கலாமா?

அடையாறு_வாணி (இழையைத் தொடங்கியவர்)
1 டிசம்பர் 2025

வணக்கம் நண்பர்களே. நடுத்தர அளவுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். சென்னையில் 26 பேர், கோவையில் 16 பேர். தனித்தனியாக இருந்த இரண்டு அணிகளைச் சென்ற ஜூலையில் ஒரே தயாரிப்பின் கீழ் இணைத்தார்கள். இன்றுவரை பாதிப் பேர் ஒருவரையொருவர் கணினித் திரையில்தான் பார்த்திருக்கிறார்கள். ஏதாவது பழுது வந்தால் "அது கோவைக்காரர்கள் எழுதியது", "அது சென்னையின் பொறுப்பு" என்ற பேச்சு காதில் விழுகிறது. இதை வளரவிடக் கூடாது.

பிப்ரவரியில் எல்லோரையும் ஓரிடத்தில் இரண்டு இரவு தங்க வைத்து, ஆற அமரப் பேச வைப்பதற்கு நிர்வாகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஹோட்டல் வேண்டாம், திருமணக் கூட்டமும் மற்ற விருந்தினரும் இல்லாத, முழுக்க எங்களுக்கே கிடைக்கும் இடமாகப் பார்க்கச் சொல்கிறார்கள். பயணம் உட்படத் தலைக்கு 9,000 ரூபாய் வரை செலவு செய்யலாம். வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்புவது என்பது அவர்களுடைய எண்ணம். இயக்குநருக்கு ஊட்டி பிடிக்கும். குழுத் தலைவர்கள் கூர்க் என்கிறார்கள்.

எந்த ஊர், இடத்துக்காரரிடம் என்னென்ன கேட்க வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பீளமேட்டுக்காரன்
1 டிசம்பர் 2025

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள் என்றால் ஊட்டியும் கூர்க்கும் சரிப்படாது. ஊட்டி எங்களுக்குப் பக்கம், சென்னைக்காரர்களுக்கு ஓர் இரவு முழுவதும் பயணம். இணைப்புக்குப் பிறகு முதல் சந்திப்பிலேயே ஒரு தரப்பு மட்டும் களைத்து வந்து இறங்குவது நல்ல தொடக்கம் இல்லை.

வரைபடத்தைப் பாருங்கள், நடுவில் சேலம் இருக்கிறது. சென்னையிலிருந்து ஏறக்குறைய 340 கிலோமீட்டர், கோவையிலிருந்து 160. அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் ஏறினால் ஏற்காடு. காபித் தோட்டங்களுக்குள் பழைய பங்களாக்களும் புதிதாகக் கட்டிய காட்டேஜ்களும் வாடகைக்குக் கிடைக்கின்றன.

இன்னொன்று: நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு அது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். பாஸ் எடுப்பது கடினமான வேலை இல்லைதான். ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக எடுத்து, கடைசி நேரத்தில் வண்டி மாறினால் திரும்ப எடுத்து... ஏற்காட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

மயிலைக்_கணக்கர்
1 டிசம்பர் 2025

கூர்க் வேண்டாம் என்பதற்கு என் பக்கத்திலிருந்தும் ஒரு காரணம் உண்டு. தங்குமிடத்துக்கான ஜிஎஸ்டி, கட்டடம் எந்த மாநிலத்தில் நிற்கிறதோ அந்த மாநிலத்தின் கணக்கில் சேரும். கர்நாடகத்தில் தங்கினால் மத்திய வரியும் கர்நாடக மாநில வரியும் போட்டுத்தான் பில் வரும். உங்கள் நிறுவனம் தமிழ்நாட்டில் மட்டும் பதிவு வைத்திருந்தால் அந்த வரியை உள்ளீட்டு வரியாக, அதாவது நிறுவனம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியிலிருந்து, கழித்துக்கொள்ள வழியே இல்லை. பணம் போனது போனதுதான். ஏற்காட்டில் தங்கினால் அந்தச் சிக்கல் எழாது.

உணவுக்கான வரியை எங்கே போனாலும் கழிக்க முடியாது. ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு அதை மறித்துவிடுகிறது. வண்டியிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஓட்டுநரையும் சேர்த்து 13 பேர் வரை அமரும் வண்டியின் வாடகைக்கான வரியைக் கழிக்க முடியாது, அதற்கு மேற்பட்ட இருக்கை உள்ள வண்டி என்றால் கழிக்கலாம். டெம்போ டிராவலர் பேசும்போது இருக்கை எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிகழ்ச்சி நிரலும் கூட்டக் குறிப்புகளும் கோப்பில் இருக்கட்டும். இது வேலை சார்ந்த கூட்டம், கேளிக்கைப் பயணம் இல்லை என்று தணிக்கையில் காட்ட அவைதான் ஆதாரம்.

தேன்மொழி_பொறியாளர்
2 டிசம்பர் 2025

வாணி, இடத்தைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். நான் நாளைப் பற்றிப் பேச வேண்டும். நீங்கள் எழுதியதில் என்னை உறுத்தியது "வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு இரவு" என்ற வரிதான்.

நீங்களே கணக்கரிடம் இது வேலைக் கூட்டம் என்று சொல்லப் போகிறீர்கள். அப்படியானால் வேலை நாளில் வையுங்கள். ஐந்து நாள் வேலை செய்த பிறகு சனி, ஞாயிறையும் நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டு, திங்கள் காலை தூக்கமில்லாத கண்ணோடு அலுவலகத்தில் வந்து உட்கார வேண்டும். மறுப்பும் சொல்ல முடியாது. "குழு உணர்வு இல்லாதவர்" என்ற பெயர் வந்துவிடும். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கும் பெண்ணுக்கு அந்தச் சனி, ஞாயிறுதான் வாரத்தில் குழந்தையோடு கழிக்கும் முழு நாள். வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் ஆண்களுக்கும் அப்படித்தான். வார நாளில் உதவிக்கு வரும் அம்மாள் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார்.

என் முந்தைய நிறுவனத்தில் இதே மாதிரி வார இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பண்ணை வீட்டில் கூட்டம் வைத்தார்கள். வந்தவர்கள் பெரும்பாலும் திருமணமாகாத இளைஞர்கள். குழுவிலேயே அதிக அனுபவம் கொண்ட இரண்டு அக்காக்கள் வரவில்லை. தயாரிப்பின் அடுத்த ஓராண்டுத் திட்டம் அந்தப் பண்ணை வீட்டில்தான் முடிவானது. அவர்கள் இருவரும் அதைத் திங்கட்கிழமை மின்னஞ்சலில் படித்துத் தெரிந்துகொண்டார்கள். இருவருமே பிறகு வேறு வேலை தேடிப் போனார்கள். ஒரு நல்ல எண்ணத்தில் தொடங்கிய காரியம் யாரை வெளியே தள்ளுகிறது என்று முதலிலேயே பார்க்க வேண்டும்.

செவ்வாய் காலை கிளம்பி வியாழன் மாலை திரும்பச் சொல்லுங்கள். அறை வாடகையும் வார நாளில் குறைவாகத்தான் இருக்கும். வர இயலாதவரிடம் காரணம் கேட்காதீர்கள். "நீங்கள் வருவதற்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும்" என்று கேளுங்கள்.

கிண்டி_மேலாளர்
2 டிசம்பர் 2025

தேன்மொழி சொல்வதன் நியாயம் புரிகிறது. ஆனால் வாடிக்கையாளர் வெளிநாட்டில் இருந்தால் வார நாளில் 42 பேரை மூன்று நாள் வேலையிலிருந்து எடுப்பது எளிதில்லை. ஒப்பந்தத்தில் பதில் சொல்லும் நேரம் எழுதப்பட்டிருக்கும். நிர்வாகம் வார இறுதியைச் சொல்வதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். வேண்டுமானால் வார இறுதியில் வைத்துவிட்டு, ஈடாக இரண்டு நாள் விடுப்பு தரலாம்.

தேன்மொழி_பொறியாளர்
2 டிசம்பர் 2025

ஈடு விடுப்பு வேலைக்கு ஈடாகும், ஞாயிற்றுக்கிழமைக்கு ஈடாகாது சார். புதன்கிழமை எனக்கு விடுமுறை கிடைத்தால் குழந்தை பள்ளியில் இருக்கும். வாடிக்கையாளருக்கு ஒரு மாதம் முன்பே எழுதி, அவசரத்துக்கு நான்கு பேர் முறை வைத்துப் பார்த்துக்கொள்வார்கள் என்று சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அப்படித்தானே செய்கிறோம்?

நாகூர்_தென்றல்
2 டிசம்பர் 2025

பிப்ரவரி என்றால் நாட்காட்டியை விரித்து வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். தைப்பூசம் பிப்ரவரி 1. பாதயாத்திரை போகிறவர்கள் அதற்கு முந்தைய நாட்களில் விடுப்பில் இருப்பார்கள். சிபிஎஸ்இ பொதுத்தேர்வு மாத நடுவில் தொடங்கிவிடும்; பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பிள்ளை வைத்திருப்பவர்கள் அசைய மாட்டார்கள். பிப்ரவரி 18 அல்லது 19-இல் ரமலான் நோன்பு தொடங்கும். நோன்பு வைப்பவரை மலைப்பாதையில் ஏற்றி, மதிய விருந்துக்கு எதிரில் உட்கார வைக்காதீர்கள். எல்லாம் தள்ளிப் பார்த்தால் 10 செவ்வாய் முதல் 12 வியாழன் வரைதான் சரியாக அமைகிறது.

அதோடு, ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. 2024 நவம்பர் முதல் 120 நாள் கிடையாது. 10-ஆம் தேதிக்கு டிசம்பர் 12 வாக்கில் திறக்கும். இணையத்தில் ஒரு பதிவுக்கு ஆறு பேர்தான் என்பதால் 26 பேருக்கு ஐந்து பதிவு வரும். நிறுவனத்தின் கடிதத்தோடு நிலையத்தில் மொத்தப் பதிவுக்கும் விண்ணப்பிக்கலாம்.

சேர்வராயன்_மலை
3 டிசம்பர் 2025

நான் ஏற்காட்டில் எஸ்டேட் நிர்வாகத்தில் இருப்பவன். எங்கள் தோட்டத்தில் விருந்தினர் தங்கும் வசதி இல்லை, அதனால் விளம்பரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் கூட்டம் கூட்டமாக வந்து போகிறவர்களைப் பார்த்ததில் சிலவற்றைச் சொல்கிறேன்.

பழைய எஸ்டேட் பங்களா என்பது ஒரு துரையின் குடும்பத்துக்காகக் கட்டியது. ஆறு, எட்டு அறைக்கு மேல் இருக்காது. 42 பேர் என்றால் "மீதிப் பேருக்கு ஹாலில் மெத்தை போட்டுவிடலாம்" என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். பங்களாவோடு காட்டேஜ்களும் சேர்ந்த இடமாகப் பாருங்கள். அறைகளை எண்ணுவதற்கு முன்னால் குளியலறைகளை எண்ணுங்கள். காலையில் ஆறரையிலிருந்து எட்டரைக்குள் எல்லோரும் குளிக்க வேண்டும். ஒரு குளியலறைக்கு நான்கு பேருக்கு மேல் போனால் உங்கள் முதல் அமர்வு பத்தரைக்குத்தான் தொடங்கும்.

தண்ணீர்தான் எங்கள் மலையின் முக்கியக் கவலை. பிப்ரவரியில் கிணறும் ஊற்றும் இறங்கத் தொடங்கியிருக்கும். மேல்நிலைத் தொட்டி எத்தனை லிட்டர், ஒரு நாளில் எத்தனை முறை நிரப்ப முடியும், லாரித் தண்ணீர் வாங்க வேண்டி வந்தால் செலவு யாருடையது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கீசர் இருக்கிறது என்று சொன்னால் போதாது. நான்கு கீசரை ஒரே நேரத்தில் போட்டால் மின்சாரம் தாங்குகிறதா என்று போட்டுப் பார்க்க வேண்டும். பிப்ரவரி இரவில் இங்கே நல்ல குளிர் இருக்கும், வெந்நீர் இல்லாமல் முடியாது. கம்பளியும் ஆளுக்கொன்று இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

ஜெனரேட்டரை உங்கள் கண் முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பல இடங்களில் விளக்குக்கு மட்டும்தான் இணைப்பு இருக்கும். புரொஜெக்டரை மாட்டினால் அணைந்துவிடும். அலைபேசி சிக்னல் வாசலில் நன்றாக இருக்கும், உள்ளே போனால் இருக்காது. நீங்கள் கூட்டம் நடத்தப் போகும் அதே ஹாலில் நின்று ஒரு காணொளி அழைப்பு போட்டுப் பாருங்கள். நான்கு பேர் அவசர வேலைக்கு முறை வைப்பதாக இருந்தால் இது இன்னும் முக்கியம்.

ஹாலின் அளவை மனக்கணக்காகப் போடாதீர்கள். 42 நாற்காலியை வட்டமாகப் போட்டுப் பாருங்கள். இங்குள்ள அழகான ஹால்கள் பெரும்பாலும் நீளமானவை, பாதி வட்டத்துக்குக்கூட இடம் இருக்காது. மூன்று பக்கமும் கண்ணாடி என்றால் பகலில் திரையில் ஒன்றும் தெரியாது.

பங்களா வரைக்கும் உள்ள எஸ்டேட் சாலையை மறந்துவிடாதீர்கள். பிரதான சாலையிலிருந்து உள்ளே கல்பாதையில் இரண்டு, மூன்று கிலோமீட்டர் போக வேண்டிய தோட்டங்கள் உண்டு. அங்கே வேன் போகாது, ஜீப்தான். நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் ஜீப் ஓட்டுபவர் தோட்டத்திலேயே தங்குகிறாரா? ஏற்காட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சைக்குச் சேலத்துக்கு இறங்க வேண்டும். 108 ஆம்புலன்ஸ் பங்களா வாசல் வரை வருமா என்று காவலாளியைக் கேளுங்கள். முதலாளியைவிட அவருக்குத்தான் சரியான பதில் தெரியும்.

இருட்டிய பிறகு காபிச் செடிகளுக்குள் நடக்க விடாதீர்கள். காட்டெருமை வரும். பார்க்கச் சாதுவாக நிற்கும், படமெடுக்க நெருங்கினால் பாய்ந்துவிடும். இதை வந்த அன்று மாலையே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும்.

பிப்ரவரியில் காபி அறுவடை முடியும் தறுவாயில் இருக்கும். களத்தில் காயும் கொட்டையின் மேல் நடக்கக் கூடாது. தொழிலாளர்கள் அதிகாலையில் எழுந்து வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் குடியிருப்பு பல தோட்டங்களில் பங்களாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். இரவு பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி போடுவது சட்டப்படியே கூடாது. ஒன்பதரைக்கே நிறுத்திவிட்டால் எங்கள் மக்கள் வாழ்த்துவார்கள்.

சாப்பாட்டுக்கு எஸ்டேட் சமையல்காரரை நம்பலாமா என்றால், பத்துப் பேருக்கு அருமையாகச் சமைப்பவர் 42 பேருக்குத் திணறுவார். கீழேயிருந்து சமையல் மாஸ்டரை வரவழைப்பதாக இருந்தால் அவருக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். நாட்டுக்கோழிக் குழம்பும் களியும் ஒரு வேளை கட்டாயம் கேளுங்கள். சைவத்துக்குத் தனிக் கரண்டி, தனி மேசை வையுங்கள். குடிநீருக்கு 20 லிட்டர் கேன் வாங்கி வைத்துவிட்டு ஆளுக்கொரு பாட்டில் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் தட்டும் கோப்பையும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுவதும் தடை. அதைக் காற்றில் பறக்கவிட்டுப் போகிறவர்களால் எங்கள் ஓடைகள் அடைத்துக்கொள்கின்றன.

அஸ்தம்பட்டி_டிராவல்ஸ்
3 டிசம்பர் 2025

வண்டி விஷயம் நான் சொல்கிறேன். சென்னையிலிருந்து பெரிய பஸ்ஸில் நேராக மலை ஏறுவது வேண்டாம். சேலம் பக்கத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். நீள பஸ் வளைவில் ஒரே ஒடிப்பில் திரும்பாது. பின்னால் எடுத்து எடுத்துத் திரும்ப வேண்டும், உள்ளே இருப்பவர்களுக்குத் தலை சுற்றும். காலையில் சென்ட்ரலிலிருந்து கிளம்பும் கோவை எக்ஸ்பிரஸ் மதியத்துக்கு முன்பே சேலம் வந்துவிடும். கோவையிலிருந்து வருகிறவர்கள் காலையில் வேனில் கிளம்பினாலும் அதே நேரத்துக்கு வந்துவிடலாம். ஜங்ஷனில் எல்லோரையும் கலந்து வண்டியில் ஏற்றுங்கள். சென்னை வண்டி, கோவை வண்டி என்று பிரிக்காதீர்கள்.

மலைப் பழக்கம் உள்ள சேலத்து ஓட்டுநரையே கேளுங்கள். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழி விட வேண்டும் என்பது விதி. சமவெளியிலேயே ஓட்டிப் பழகியவர்கள் இதை மதிப்பதில்லை. வாந்தி வருபவர்களை முன் இருக்கையில் உட்கார வையுங்கள், ஏறும் முன் வயிறு நிறையச் சாப்பிட வைக்காதீர்கள்.

ஓட்டுநர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேட்டா கொடுத்துவிட்டோம் என்று வண்டியிலேயே படுக்க விட்டுவிடுகிறார்கள். அந்தக் குளிரில் தூங்காத மனிதர்தான் மறுநாள் உங்கள் 42 பேரையும் இருபது வளைவு இறக்கிக் கொண்டுவரப் போகிறார். அவர்களுக்கும் கட்டில், கம்பளி, வெந்நீர், உங்களுக்குப் பரிமாறும் அதே சாப்பாடு வேண்டும். அறை எண்ணிக்கையில் ஓட்டுநர்களைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மழை பெய்தால் என்ன செய்வது என்று முன்பே பேசி வையுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்தப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. பிப்ரவரியில் அந்த அளவுக்கு மழை இருக்காது. இருந்தாலும் குப்பனூர் வழியாக இன்னொரு பாதை இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

உயர்நீதிமன்ற_வளாகம்
3 டிசம்பர் 2025

வாணி, பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013 உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்தச் சட்டத்தில் பணியிடம் என்பதன் வரையறை அலுவலகத்தோடு நிற்கவில்லை. வேலையின் பொருட்டு ஊழியர் போகும் எந்த இடமும், அதற்காக நிறுவனம் ஏற்பாடு செய்யும் வண்டியும் அதற்குள் வரும். எஸ்டேட் பங்களாவும் பணியிடம், மலை ஏறும் வேனும் பணியிடம். கிளம்புவதற்கு முன், அந்தச் சட்டப்படி புகார்களை விசாரிக்க நிறுவனத்துக்குள் அமைக்கும் உள் புகார்க் குழுவினரின் பெயரும் எண்ணும் எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். குழு உறுப்பினர்களில் ஒரு பெண்ணாவது உடன் வரட்டும்.

பெண்கள் தங்கும் அறைகளில் உள்தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று நீங்களே போட்டுப் பாருங்கள். காட்டேஜ்களில் ஒன்று மட்டும் தள்ளி இருந்தால் அதைப் பெண்களுக்கு ஒதுக்காதீர்கள். அறையைப் பகிரும்போது மேலதிகாரியையும் அவருக்குக் கீழே வேலை செய்பவரையும் ஒரே அறையில் போடக் கூடாது. ஆண்களுக்கும் இது பொருந்தும். ஒருவரையொருவர் தொட வேண்டிய விளையாட்டு, கட்டாய நடனம் இரண்டும் வேண்டாம். படமெடுத்து நிறுவனப் பக்கத்தில் போடுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

மது பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசிவிடுகிறேன். தனியார் பங்களாவுக்கு மது பரிமாறும் உரிமம் இருக்காது. நிறுவனம் தன் செலவில் அங்கே மது வழங்குவது சட்டச் சிக்கல். அதைவிட, புகார்கள் பெரும்பாலும் எந்த நேரத்தில் நடந்தவற்றைப் பற்றி வருகின்றன என்று இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். நிகழ்ச்சி முழுவதும் மது இல்லை என்று அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். வருவதா வேண்டாமா என்று தயங்கும் பல பெண்கள் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத்தான் வருவார்கள்.

வட்டமேசை
4 டிசம்பர் 2025

இடமும் வண்டியும் தெளிவாகிவிட்டன. போய் என்ன செய்யப் போகிறீர்கள்? இந்த மாதிரிக் கூட்டங்களை நடத்திக் கொடுப்பது என் தொழில். உங்களுக்கு இருப்பது நல்ல காரணம். இரண்டு அணிகள் ஒன்றையொன்று நம்பவில்லை. அதை நேராகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்லைடு எதுவும் வேண்டாம். ஹாலின் நீளச் சுவரில் சார்ட் தாள்களை ஒட்டி, மேல் பாதியில் சென்னை அணியும் கீழ்ப் பாதியில் கோவை அணியும் தங்கள் கதையை ஆண்டு வாரியாக எழுதட்டும். எப்போது தொடங்கினோம், எதைக் கட்டினோம், எந்த வாடிக்கையாளருக்காக இரவெல்லாம் விழித்தோம், எதை இழந்தோம். பிறகு ஒரு தரப்பு மற்றதன் வரலாற்றைப் படித்துக் கேள்வி கேட்கட்டும். கோவைக்காரர்கள் அந்தக் குழப்பமான நிரல்பகுதியை ஏன் அப்படி எழுத வேண்டி வந்தது என்பது சென்னைக்குப் பெரும்பாலும் அப்போதுதான் தெரியவரும். இதற்கு மூன்று மணி நேரம் கொடுங்கள். அவசரப்படுத்தாதீர்கள்.

இரண்டாம் நாள் காலை, இணைப்புக்குப் பிறகு நடந்த பழுதுகளில் மூன்றை எடுங்கள். யார் செய்தார் என்பதை விட்டுவிட்டு, தகவல் எங்கே நின்றது, யாருக்குப் போய்ச் சேரவில்லை என்று தடம் பிடித்துப் போங்கள். இரண்டு ஊர்க்காரர்களும் கலந்த ஐந்து பேர் குழுக்களாக உட்காரட்டும். பேசும் முன் பத்து நிமிடம் எல்லோரும் எழுத வேண்டும். எழுதச் சொன்னால்தான் அமைதியானவர்களின் கருத்து மேசைக்கு வரும். குழுத் தலைவர்கள் கடைசியாகப் பேசட்டும்; இயக்குநர் அந்த அமர்வில் வேண்டாம். அவர் அன்று மாலை வந்து, ஊழியர்கள் தொகுத்ததைக் கேட்கட்டும், இடையில் பதில் சொல்லாமல்.

பிற்பகலை விட்டுவிடுங்கள். ஏரிக்குப் போகிறவர்கள் போகட்டும், பகோடா முனைக்கு நடக்கிறவர்கள் நடக்கட்டும், தூங்குகிறவர்கள் தூங்கட்டும். அந்த நேரத்தையும் நிரலால் நிரப்பிவிட வேண்டும் என்று ஆசை வரும். வேண்டாம்.

மூன்றாம் நாள் காலை இரண்டு மணி நேரம் முடிவுகளுக்கு மட்டும். ஐந்துக்கு மேல் முடிவெடுக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பெயரும் ஒரு தேதியும். வர முடியாதவர்களிடம் முன் வாரத்திலேயே நேரில் உட்கார்ந்து கருத்தைக் கேட்டு எழுதி வந்து, சுவரில் ஒட்டிவிடுங்கள். முடிவெடுத்த பின் அவர்களிடம் காட்டி ஒரு வாரம் திருத்தத்துக்கு விடுங்கள். தேன்மொழி சொன்ன அக்காக்களின் நிலை உங்களிடம் யாருக்கும் வரக் கூடாது.

பந்தாட்டப்_பிரியன்
4 டிசம்பர் 2025

எல்லாம் சரி, ஆனால் இவ்வளவு கனமாகவே இருந்தால் எப்படி? விளையாட்டு வேண்டாம் என்று எல்லோரும் சொல்வது போலிருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. எங்கள் அலுவலகத்தில் ஆண்டுக்கணக்கில் முறைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் ஒரே கிரிக்கெட் அணியில் விளையாடிய பிறகுதான் பேசத் தொடங்கினார்கள்.

வட்டமேசை
4 டிசம்பர் 2025

விளையாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டாய விளையாட்டுதான் வேண்டாம். மட்டையும் பந்தும் கேரம் பலகையும் கொண்டுபோய் வையுங்கள், விரும்புகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். முடிந்தால் இரண்டாம் நாள் இரவுச் சாப்பாட்டைச் சேர்ந்து சமைக்கலாம். காய் நறுக்கும்போது வரும் பேச்சு எந்த அமர்விலும் வராது.

அடையாறு_வாணி
8 டிசம்பர் 2025

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த இழையை அப்படியே அச்செடுத்து இயக்குநரிடம் கொடுத்தேன். தேன்மொழியின் பதிவைப் படித்துவிட்டு, "குழந்தை வைத்திருப்பவர்கள் நம்மிடம் எத்தனை பேர்?" என்று கேட்டார். பதினைந்து பேர். பிப்ரவரி 10 முதல் 12 வரை, வார நாளில், என்று ஒப்புக்கொண்டுவிட்டார். மது இல்லை என்பதையும் எழுத்தில் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை ஏற்காடு போய் மூன்று இடங்களைப் பார்த்தேன். ஒன்றில் ஜெனரேட்டர் ஓடவே இல்லை. இன்னொன்று மிக அழகு, ஆனால் பெண்களுக்குக் காட்டிய காட்டேஜ் சரிவில் தனியாக இருந்தது. மூன்றாவது பழைய பங்களாவும் பத்து காட்டேஜ்களும் சேர்ந்தது, 13 குளியலறைகள், வாசல் வரை வேன் வருகிறது. ஹாலில் நாற்காலி போட்டுப் பார்த்தேன், வட்டம் அமைகிறது. ஓட்டுநர்களுக்குத் தனி அறை உண்டு. காவலாளி அம்மாவிடம் ஆம்புலன்ஸ் பற்றிக் கேட்டேன். சென்ற ஆண்டு ஒருமுறை வாசலுக்கே வந்தது என்றார்.

உரிமையாளர் பாதி வாடகையை முன்பணமாகக் கேட்கிறார், ரத்து செய்தால் திருப்பித் தரமாட்டாராம். வேண்டியதை எல்லாம் வாய்மொழியாக ஒப்புக்கொள்கிறார். இதை எப்படிக் கையாள்வது?

மயிலைக்_கணக்கர்
8 டிசம்பர் 2025

வாய்மொழியை அன்றைக்கே மின்னஞ்சலாக்குங்கள். "இன்று பேசியபடி" என்று தொடங்கி அறை, குளியலறை, தண்ணீர், ஜெனரேட்டர், ஹால், வேறு விருந்தினர் இல்லை என்பது வரை எழுதி, "சரி" என்று அவரிடமிருந்து பதில் வாங்குங்கள். முன்பணம் கால் பங்குக்கு மேல் வேண்டாம். ரத்து விதியைப் படிப்படியாகக் கேளுங்கள்: முப்பது நாளுக்கு முன் என்றால் முழுதும் திரும்ப, பதினைந்து நாளுக்கு முன் என்றால் பாதி. மழையாலோ அரசு உத்தரவாலோ மலைப்பாதை மூடப்பட்டால் பணம் திரும்ப வேண்டும், அல்லது ஆறு மாதத்துக்குள் வேறு தேதி தர வேண்டும். இந்த வரியை விட்டுவிடாதீர்கள்.

ஜிஎஸ்டி பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். ஆண்டு வருவாய் 20 லட்சத்துக்குள் என்றால் பதிவு இல்லாமல் இருக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் அப்படிப்பட்டவர் பில்லில் வரி போடக் கூடாது. பதிவு இருந்தால் உங்கள் நிறுவனத்தின் எண்ணை முன்பணம் அனுப்பும்போதே கொடுத்துவிடுங்கள். சேத வைப்புத்தொகை கேட்டால், உள்ளே நுழைந்தவுடன் அவருடைய ஆளையும் அழைத்துக்கொண்டு ஒவ்வோர் அறையையும் அலைபேசியில் படம் பிடித்துவிடுங்கள்.

சேர்வராயன்_மலை
9 டிசம்பர் 2025

நீங்கள் சொல்லும் இடம் எனக்குத் தெரிந்ததாகத்தான் இருக்க வேண்டும். கிணறு நல்ல கிணறு. பணம் அனுப்பும் முன் பிப்ரவரி 13-ஆம் தேதிக்கு அங்கே வேறு நிகழ்ச்சி பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். மறுநாள் திருமணம் இருந்தால் 12-ஆம் தேதி காலையிலேயே பந்தல்காரர்கள் வந்து இறங்கிவிடுவார்கள், உங்கள் முடிவெடுக்கும் அமர்வு சுத்தியல் சத்தத்தில் போய்விடும்.

அடையாறு_வாணி
9 டிசம்பர் 2025

கேட்டுவிட்டேன் ஐயா. 14-ஆம் தேதிதான் நிகழ்ச்சி, பந்தல் வேலை 13 காலையில் தொடங்குமாம். 12 மாலை வரை வேறு யாரும் உள்ளே வரமாட்டார்கள் என்பதையும் மின்னஞ்சலில் சேர்த்து அனுப்பிவிட்டேன். அவருடைய பதிலும் வந்துவிட்டது. சென்னைக்குத் திரும்பும் ரயில் இரவில்தான் வந்து சேரும் என்பதால், சென்ட்ரலிலிருந்து வீடு வரைக்கும் கார் நிறுவனச் செலவில். வெள்ளிக்கிழமை ரயில் முன்பதிவு திறந்தவுடன் டிக்கெட் எடுக்கிறோம்.